பேர் சொல்லாத வீடு

மலைமேல் இருக்கிற எங்கள் அத்பாஷிச் சந்தையில் கன்டெய்னர் கடைகள் இரண்டு வரிசையாக நிற்கும். இரண்டாவது வரிசையின் கடைசியில், லாடம் அடிக்கிறவனுக்கும் இறைச்சிக்காரி கலிபாவுக்கும் நடுவில் இருப்பது என்னுடையது. பதினாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்துவிட்டு, தலைமையாசிரியரோடு சண்டை போட்டு வெளியே வந்தவள் நான். சண்டை சண்டையாகவே இருக்கிறது. ஆனால் அவருடைய கம்ப்யூட்டர் கெட்டால் இன்றைக்கும் என்னிடம்தான் வரும்.

மார்ச் மாதம் வசந்தம் என்று காலண்டரில் போட்டிருக்கும். காலண்டர் அச்சடிக்கிறவர்கள் தலைநகரத்தில் இருக்கிறார்கள். எங்களுக்கு அது சேறும் பனியும் கலந்த மாதம். அப்படி ஒரு காலையில் எல்நூரா குழந்தைகளின் சறுக்குவண்டியில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, மேலே ரஜாயைப் போர்த்தி, நோயாளியை இழுத்து வருவதுபோல இழுத்து வந்தாள். பின்னால் அவளுடைய ஐந்து வயது மகள் மீரிம் வண்டியைத் தள்ளுவதாக நினைத்துக்கொண்டு அதைப் பிடித்துத் தொங்கியபடி வந்தாள்.

எல்நூரா ஆற்றங்கரைத் தேன்காரரின் மருமகள். ஊரில் எல்லோருக்கும் அவள் 'தேன்காரர் மருமகள்'தான். ரசீது எழுதும்போதுதான் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

"என்ன செய்யுது இதுக்கு?" என்றேன்.

"ஒண்ணும் செய்யமாட்டேங்குது அக்கா. அதுதான் கஷ்டம். பட்டனை அமுக்கிட்டுப் போய் நான் மாடு கறந்துட்டே வந்துடறேன், இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு."

"எத்தனை மாடு?"

"ஒண்ணுதான். ஆனா அது முரடு."

மூடியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஒரு கைப்பிடி தூசியும் இரண்டு செத்த தேனீயும் இருந்தன. அவள் கணவன் தாலாய் நரின் நகரத்தில் கல்லூரி படித்த காலத்தில் வாங்கிய மெஷின். அதற்கு நினைவகம் இரண்டே ஜிபி.

"இதுல புது விண்டோஸ் ஏறாது. பழைய விண்டோஸுக்கு இனிமே புதுப்பிப்பு வராது. புது மெஷின் வாங்கறியா?"

அவள் சிரித்த சிரிப்பே பதில்.

"அப்ப லினக்ஸ் போட்டுத் தரேன். அதுலயும் எடை கம்மியா ஒண்ணு இருக்கு. விலை கிடையாது. குதிரைக்கு வயசாச்சுன்னா சுட்டுடணும்னு இல்ல, மூட்டைய எறக்கிவிட்டா இன்னும் பத்து வருஷம் நடக்கும்."

"லேபிள் அடிக்கலாமா? தேன் பாட்டிலுக்கு?"

"அடிக்கலாம்."

"வெளியூர்க்காரங்களுக்கு மெயில் அனுப்பலாமா?"

"அனுப்பலாம். ஏன் இவ்வளவு கேக்கற?"

அடுப்புப் பக்கம் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அடுத்த கடையில் கலிபா எலும்பை வெட்டுகிற சத்தம் நின்றதும் சொன்னாள்.

"அத்தாவுக்கு, எங்க மாமனாருக்கு, முழங்கால் ரெண்டும் போயிடுச்சு அக்கா. பெட்டி தூக்க முடியல. முப்பத்தொரு தேன்பெட்டியையும் நரின்ல ஒருத்தருக்கு வித்துடறேன்னு நிக்கறார். பெட்டி போனா இந்த வீட்ல எனக்கு என்ன வேலை? ரஷ்யாவுக்கு, எகாதெரின்பூர்க் வந்துடுன்னு தாலாய் கூப்பிடறார். அவர் குடோன்ல மூட்டை தூக்கறார், நான் போய் ஓட்டல்ல பாத்திரம் கழுவணும். இவள எங்கம்மாகிட்ட விட்டுட்டு." மகளின் தொப்பியைச் சரி செய்தாள். "எனக்குத் தேனீ வேணும் அக்கா. நான் பாத்துக்கறேன், வெளியூருக்கு வித்தும் காட்டறேன்னு அத்தாகிட்ட சொன்னேன். கல்யாணமாகி வந்ததுலேருந்து இப்பத்தான் அவர் முன்னாடி இவ்வளவு நீளமாப் பேசினேன்."

"என்ன சொன்னார்?"

"'பாக்கலாம்'னார்."

எங்கள் பக்கத்துக் கிழவர்கள் 'பாக்கலாம்' என்றால் கதவு பாதி திறந்திருக்கிறது என்று அர்த்தம். அதனால்தான் அவள் பனியில் வண்டி இழுத்து வந்திருக்கிறாள்.

என் கடையில் ஒரு பழக்கம் உண்டு. டிஸ்கைத் துடைப்பதற்கு முன்னால் என்னென்ன காப்பாற்றவேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிவிடுவேன். தலைமையாசிரியரின் மெஷினில் ஒருதடவை பட்டுக் கற்ற பாடம் அது. எல்நூரா யோசித்து யோசித்து நான்கு வரி எழுதினாள். கல்யாணப் படங்கள். தேன் லேபிள். மீரிமின் பாட்டுகள். நான்காவதாக, 'அத்தாவுடையது.'

"அவர் இதுல என்ன பண்றார்?"

"காலைல ஒரு மணி நேரம் ஒக்காருவார். சீட்டு ஆடுவார். அப்புறம் ஒத்த விரலால என்னமோ தட்டுவார். நான் கிட்டப் போறதில்ல."

அவள் போனபிறகு பார்த்தேன். திரையில் முப்பது நாற்பது ஃபோல்டர்கள், உலர்த்திப்போட்ட துணி மாதிரி. அதில் ஒன்றின் பெயர் 'அத்தா'. திறந்தால் கிழவரின் எழுபதாவது வயது விருந்துப் படங்கள். நான்காவது வரிக்கு நேரே டிக் போட்டேன். மற்றபடி தாலாயின் கல்லூரி நண்பர்கள் பெயரில் ஏழெட்டு ஃபோல்டர்கள் இருந்தன. திறந்த இரண்டிலும் விளையாட்டும் பாட்டும். அவற்றை விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கலாம். உபரி டிஸ்கில் இடம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சோம்பல் என்றாலும் தப்பில்லை.

லினக்ஸ் ஏற்றுவது அரை மணி வேலை. அதற்குமேல் இரண்டு நாள் பிடிக்கிற வேலை ஒன்று உண்டு. பழகின கை பழகின இடத்தைத்தான் தேடும். விண்டோஸில் இருந்து வருகிறவர்களுக்கு நான் எதையும் புதிதாகக் காட்டுவதில்லை. பட்டையைத் திரையின் அடியில் வைப்பேன். தொடங்குகிற பொத்தானை இடது ஓரத்திலும், கடிகாரத்தை வலது ஓரத்திலும். எழுத்தைப் பெரிதாக்குவேன். ரஷ்ய எழுத்தில் இருந்து எங்கள் மொழி எழுத்துக்கு மாற அவர்கள் எந்த இரண்டு விசையை அமுக்கிப் பழகினார்களோ அதே இரண்டு விசை. சீட்டாட்டத்தை நடுத்திரையில் வைப்பேன், கிழவர் தேடக்கூடாது. தேவையில்லாததை எல்லாம் எடுத்துப்போட்டேன். பின்னால் அவர்கள் வீட்டுத் தேன்பெட்டிகள், இளஞ்சிவப்பாய்ப் பூத்த தீவனப்புல் நடுவில் நிற்கிற படத்தை வைத்தேன். எழுந்து நின்று பார்த்தபோது எனக்கே என்மேல் கொஞ்சம் பிரியம் வந்தது.

மூன்றாம் நாள் நானே கொண்டுபோனேன். தேன்காரர் தாழ்ந்த மேசைக்கு முன்னால் முழங்காலில் ஒட்டகக் கம்பளி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அகலமான மனிதர். வீட்டுக்குள்ளும் கம்பளித் தொப்பியைக் கழற்றாதவர்.

"என்ன டீச்சரம்மா, எங்க குதிரைய ஓட்டிட்டுப் போய்க் கழுதையாக்கிக் கொண்டாந்துட்டியாமே?"

"கழுதைதான் அத்தா இந்த ஊர் மலையெல்லாம் ஏறுது."

"வாய்க்குக் கொறச்சல் இல்ல. தலைமையாசிரியர் பாவம்."

எல்நூரா ரொட்டியும் பாலாடையும் வெள்ளைத் தேனும் வைத்தாள். தேநீரை வழக்கப்படி அரைக் கிண்ணம்தான் ஊற்றினாள். அரைக் கிண்ணம் என்றால் இன்னும் இருங்கள், மறுபடி ஊற்றுகிறேன் என்று அர்த்தம். கிழவர் புது மெஷினுக்குத் தேவதாருப் புகை காட்டவேண்டும் என்றார். காற்றாடிக்குள் புகை போனால் நல்லதில்லை என்றேன். "பேயாவது போகட்டும்" என்று எட்டத்தில் இருந்தே இரண்டு சுற்று சுற்றினார்.

பட்டனை அமுக்கினேன். அவர் ரொட்டியைப் பிய்த்து, தேனில் தொட்டு, வாயில் வைப்பதற்குள் திரை வந்துவிட்டது.

"என்ன இது, தொறந்துடுச்சா? பொய்யா இருக்கும். மறுபடி அமுக்கு."

மறுபடி அமுக்கினேன். மறுபடியும் வந்தது. வாய் மூடாமல் மருமகளைப் பார்த்தார். அவள் தேநீர்ப் பானையைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

"சி எங்க? டி எங்க?"

"இதுல சி டிரைவ், டி டிரைவ் எல்லாம் கிடையாது அத்தா. 'வீடு'ன்னு ஒரே எடம். எல்லாம் அதுக்குள்ளதான்."

"வீட்டுக்குள்ள ஒரு வீடா. அங்க யாரு தேநீர் ஊத்தறது?" சீட்டாட்டத்தைத் திறந்தார். "சீட்டோட முதுகு வேற மாதிரி இருக்கே."

"சீட்டு அதேதான்."

"ம். புது மருமக வந்த வீடு மாதிரி இருக்கு. சாமான் எல்லாம் இருக்கு, உப்பு எங்க வச்சாங்கன்னுதான் தெரியல." ஒரு ஆட்டம் ஆடி ஜெயித்தார். "சரி. பழகிடும். நீயும் பழகினியே பிள்ள." பிறகு கையைத் துடைத்துக்கொண்டார். "இப்ப என்னுதத் தொற."

'அத்தா' ஃபோல்டரைத் திறந்தேன். விருந்துப் படங்கள்.

"இது என் மூஞ்சி. தெனமும் கண்ணாடில பாக்கறேன். என்னுது எங்க?"

"இதுதானே அத்தாவுது?"

"தேனீ எழுதுவேனே. பெட்டிவாரியா. எந்த ராணி எந்த வருஷத்துது, எது யாரோட மக, எது குளிர் தாங்கும், எது நோவுல விழும். பதினோரு வருஷம். ஏப்ரல்ல அதப் பாத்துத்தான் எந்த ராணிக்கிட்ட குஞ்சு எடுக்கறதுன்னு முடிவு பண்ணுவேன்."

படங்களை மூடினேன். "அதுக்கு என்ன பேரு போட்டிருந்தீங்க?"

"என் பேருதான். என் சாமானுக்கு ஊரான் பேரா போடுவேன்?"

ஊர் முழுக்க அவருக்குத் தேன்காரர் என்றுதான் பெயர். எனக்கும் அவ்வளவுதான் தெரியும். எல்நூராவைத் திரும்பிப் பார்த்தேன்.  அவள் மகளைப் பார்த்தாள். மீரிமுக்கு இது பழக்கம். தபால் ஆபீசில் யாராவது தாத்தா பெயரைக் கேட்டாலும் அவள்தான் சொல்லவேண்டும். வாய் நிறையப் பாலாடையோடு சொன்னாள்.

"ஒமுராலி."

தாலாயின் நண்பர்கள் எர்லானுக்கும் குபாத்துக்கும் நடுவில் இருந்தது அந்த ஃபோல்டர். என் கண்ணாலேயே பார்த்தேன், இன்னொரு நண்பன் என்று விட்டுவிட்டேன். மாமனார் பெயரை மருமகள் சொல்லமாட்டாள், எழுதமாட்டாள். நானும் கொச்கோர் ஊரில் ஒன்பது வருஷம் மருமகளாக இருந்தவள்தான். ரேஷன் வரிசையில் மாமனார் பெயரைக் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவளைச் சொல்லச் சொல்வேன். 'அத்தாவுடையது' என்று ஒருத்தி எழுதித் தந்தால், அத்தாவின் பெயர் என்ன என்று ஊரில் வேறு யாரிடமாவது கேட்டிருக்கவேண்டும். அது மெஷினைத் தெரிந்தவள் செய்யவேண்டிய வேலை இல்லை, மருமகளாக இருந்தவள் செய்யவேண்டிய வேலை.

"அத்தா, தப்பு என்னுது" என்றேன். "அவ எழுதித்தான் குடுத்தா."

ஒமுராலி கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தொப்பியைச் சரி செய்துகொண்டார்.

"பிள்ள, டீச்சருக்குக் கிண்ணம் நெறைய ஊத்து."

எல்நூரா பானையைச் சாய்த்தாள். நிறைய ஊற்றினாள். நிறைந்த கிண்ணம் என்றால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். என் வாழ்க்கையில் யாரும் எனக்கு நிறைந்த கிண்ணம் கொடுத்ததில்லை, விவாகரத்தன்றுகூட.

அவர் கோலை ஊன்றி எழுந்து, தேன்பெட்டிகளைக் குளிருக்கு வைத்திருக்கிற கொட்டகைப் பக்கம் போனார். வாசலில் நின்று, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"நரின்காரன சனிக்கிழம வரச் சொல்லணும். கண்ணக் கட்டிக்கிட்டு ஒருத்தி கையில பெட்டியக் குடுத்துட முடியாது."

கதவு சாத்திக்கொண்டது. எல்நூரா மேசைத் துணியில் இருந்த ரொட்டித் துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

"அந்த ஃபோல்டர் திரையில இருக்கும்போது நான் கண்ணத் திருப்பிக்குவேன் அக்கா" என்றாள். "படிச்சா உள்ளுக்குள்ள சொன்ன மாதிரி ஆயிடுமேன்னு."

 மெஷினின் வயரைச் சுவரில் இருந்து அப்படியே பிடுங்கினேன். தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கிற கதைதான். ஆனாலும் வாலாவது கையில் இருந்தது. "இதுல இனிமே ஒத்த எழுத்து விழக்கூடாது. ரஜாயைக் கொண்டா."

அழித்தது உடனே அழிந்துவிடுவதில்லை. வீட்டு வாசலில் இருக்கிற பெயர்ப்பலகையைத்தான் நாங்கள் கழற்றுகிறோம். புதிதாக ஒருவர் குடிவரும்வரை பழைய ஆட்கள் உள்ளேயே இருப்பார்கள். என் மெமரி ஸ்டிக்கில் வேறொரு லினக்ஸ் உண்டு, இந்த மாதிரி நாளுக்கென்றே வைத்திருப்பது. அதைச் செருகி, டிஸ்கின் மூலைமுடுக்கெல்லாம் தேடவிட்டேன். மறுநாள் மதியம் வேலை முடிந்தது. பதினோராயிரம் ஃபைல்கள் திரும்பி வந்திருந்தன. ஒன்றுக்கும் பெயர் இல்லை. எல்லாம் வெறும் எண்.

"எதுக்குமே பேரு இல்லையா?" என்றாள் எல்நூரா.

"இல்ல. ஒவ்வொண்ணாத் தொறந்து பாத்துத்தான் கண்டுபுடிக்கணும்."

கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

நான்கு நாள் அந்த முக்காலியில் உட்கார்ந்தாள். காலையில் மாடு கறந்து, மாமனாருக்கு ரொட்டி சுட்டு வைத்துவிட்டு வருவாள். சாயங்காலம் மாடு கறக்கிற நேரத்துக்கு ஓடுவாள். இரும்பு அடுப்பில் காய்ந்த சாணத்தைப் போட்டு எரித்துக்கொண்டு, என் வேலையை நான் பார்த்தேன். கலிபா மதியம் எலும்புச் சூப்பைக் கொண்டுவந்து வைத்து, "இன்னும் கிடைக்கலையா அந்தக் கிழவரோட தேனீ?" என்று விசாரித்துவிட்டுப் போவாள். மூன்று நாளில் சந்தை முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது.

"அக்கா, தாலாயும் அவர் சிநேகிதங்க ரெண்டு பேரும் ஒரே கட்டுரைய எழுதியிருக்காங்க. பிழைகூட ஒரே எடத்துல இருக்கு."

"தெரியும். திருத்தி மார்க் போட்டவன் என்கூடப் படிச்சவன்தான்."

சிரித்தாள். அடுத்த ஃபைலைத் திறந்தாள்.

"நீங்க உங்க மாமனார் பேரை எப்பவாவது சொன்னீங்களா?"

"விவாகரத்தான அன்னைக்கு. பஸ் ஸ்டாண்டுல நின்னு சத்தமா மூணு தடவை சொன்னேன்."

"எப்படி இருந்துச்சு?"

"பல்லப் புடுங்கின எடத்துக்கு நாக்கு போய்ப் போய் வருமே, அப்படி. நல்ல மனுஷன் அவர். மகன்தான் தேறல." சாணத்தைத் தள்ளிவிட்டேன். "அது சரி, உன்ன உன் பேர் சொல்லி யார் கூப்பிடறா?"

யோசித்தாள். "அத்தா 'பிள்ள'ம்பார். தாலாய் 'ஏய்'ம்பார். இவளுக்கு அம்மா. ஊருக்குத் தேன்காரர் மருமக." விரல் மவுஸின்மேல் நின்றது. "நீங்க ரசீதுல எழுதினீங்கள்ல."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் குறையாகப்பட்டது.

நான்காம் நாள், வெள்ளிக்கிழமை, சூப்பு ஆறிக்கொண்டிருந்தபோது அவள் "அக்கா" என்றாள். எட்டிப் பார்த்தேன். ஒரு பெரிய அட்டவணை. இடதுபக்கம் ஒன்று முதல் முப்பத்தொன்று வரை பெட்டி எண். அப்புறம் தேதி, ராணியின் வயது, தாய் எது. கடைசிக் கட்டம் மட்டும் மிக அகலம். அதில் ஒற்றை விரலால் தட்டிய வாக்கியங்கள்.

'பெட்டி 14. இன்று கூட்டம் பிரிந்து பறந்தது. பிடிக்கவில்லை. பேத்தி பிறந்தாள், போகட்டும்.'

'பெட்டி எதுவும் திறக்கவில்லை. அவளை அடக்கம் செய்தோம்.' அது அவருடைய மனைவி இறந்த வருஷம்.

'பெட்டி 6. மருமகள் கையுறை போடாமல் திறந்தாள். இரண்டு கொட்டு. சத்தம் போடவில்லை.'

'பெட்டி 22. ராணியை நான் தேடினேன், கிடைக்கவில்லை. மருமகள் கண்டுபிடித்தாள். என் கண்ணைவிட நல்ல கண்.'

'மருமகள் 9ஐயும் 10ஐயும் சேர்க்கலாம் என்றாள். வேண்டாம் என்றேன். 10 செத்தது. அவள் சொன்னது சரி. அவளிடம் சொல்லவில்லை.'

எல்நூரா படிப்பதை நிறுத்திவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.  நான் போய் அடுப்பைக் கிளறினேன், அது நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

அன்றைக்கே பிற்பகல் மெஷினை வண்டியில் ஏற்றினோம். வெயில் அடித்தது. அவர்கள் வீட்டு முற்றத்துப் பனியில் மஞ்சள் மஞ்சளாகப் புள்ளிகள். குளிர்காலம் முழுக்க அடைந்துகிடந்த தேனீக்கள் வெளியே பறந்து வயிற்றைக் காலி செய்திருக்கின்றன. கொடியில் காய்ந்த துணியிலும் அதே புள்ளிகள். எல்நூரா துணியைப் பார்க்காமல் பெட்டிகளைப் பார்த்தாள். கிழவர் கொட்டகை வாசலில் ஒரு மரக்கட்டைமேல் உட்கார்ந்திருந்தார்.

"அத்தா, உள்ள வந்து பாருங்க" என்றேன். "பிடிக்கலைன்னா நெறஞ்ச கிண்ணத்தக் குடிச்சுட்டுப் போயிடறேன்."

வந்தார். அட்டவணையைக் கண்டதும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். அவர் தலையை அன்றைக்குத்தான் பார்த்தேன். முழு வெள்ளை. மவுஸை மெல்ல நகர்த்திக் கீழே கீழே போனார். கடைசி வரியில் நின்றார்.

"பிள்ள, டீச்சருக்குத் தேநீர் ஊத்து. அரைக் கிண்ணம்." பிறகு திரையைக் காட்டினார். "ஆகஸ்டோட நிக்குது."

"அதுக்கப்புறம் எழுதினது வரல அத்தா. அதுமேல புதுசு விழுந்துடுச்சு. என்னால அவ்வளவுதான் முடிஞ்சுது."

"செப்டம்பர், அக்டோபர்தான் முக்கியம். சர்க்கரைப் பாகு குடுத்தது, ராணி மாத்தினது, எது எவ்வளவு பலத்தோட குளிருக்குள்ள போச்சுங்கறது. அது இல்லாம ஏப்ரல்ல நான் என்னத்தப் பாக்கறது?" குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. "சரி. நரின்காரன் நாளைக்கு வரான். அவன் பாடு."

தேநீர்ப் பானைக்குப் பின்னால் இருந்து எல்நூராவின் குரல் மெல்ல வந்தது.

"ஒண்ணாம் பெட்டி, செப்டம்பர் அஞ்சு. பாகு ரெண்டு லிட்டர். ராணி போன வருஷத்துது. எட்டு மரச்சட்டம் நெறைய தேனீ."

கிழவர் திரும்பவில்லை. நான் கீபோர்டை இழுத்துக்கொண்டேன்.

"ரெண்டாம் பெட்டி, அதே நாள். ரெண்டு லிட்டர். ஏழு சட்டம். மூணு, செப்டம்பர் ஆறு. ராணிய மாத்தினோம், இருபத்திரெண்டோட மக..."

அவள் பானையின் மூடியைப் பார்த்தபடியே சொன்னாள், நான் தட்டினேன். பதினேழு வந்தது.

"பதினேழு. பாகு ரெண்டு லிட்டர்."

"மூணு" என்றார் கிழவர். "பதினேழுக்கு மூணு. எனக்கு ஞாபகம் இருக்கு."

நான் கையை நிறுத்தினேன். எல்நூரா கழுத்துவரை சிவந்துவிட்டாள்.

"ரெண்டுதான் அத்தா" என்றாள். "மூணாவது கொண்டுபோனேன். மழ புடிச்சுக்கிச்சு, திருப்பிக் கொண்டாந்துட்டேன். நீங்க அன்னைக்கு முழங்காலுக்குப் படம் எடுக்க நரின் போயிருந்தீங்க."

கிழவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். "ஆமா" என்றார். "போயிருந்தேன். ரெண்டு போடு டீச்சர்."

முப்பத்தொன்றுவரை சொல்லி முடித்தபோது தேநீர் ஆறியிருந்தது, ஒருவரும் குடிக்கவில்லை. புதிதாக ஒரு ஃபோல்டர் போட்டு அதில் சேமிக்கலாம் என்று திறந்தேன். பெயர் கேட்டுக் கட்டம் ஒன்று வெறுமையாக மின்னிக்கொண்டு நின்றது.

என்ன பெயர் என்று நான் கேட்கவில்லை, ஒருதடவை பட்டது போதும். மீரிம் தன் முறை வந்துவிட்டதென்று வாயைத் திறந்தாள். கிழவர் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். கீபோர்டைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டார். எழுத்தை மாற்றுகிற இரண்டு விசை எங்கே என்று விரல் தானாகத் தேடியது. அது பழைய இடத்திலேயே இருந்தது. ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்ட ஆரம்பித்தார்.

எல்நூரா வழக்கம்போல முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"பிள்ள, இங்க பாரு" என்றார்.

"வேணாம் அத்தா."

"பாருன்னா. இது நீ சொல்லக்கூடிய பேருதான்."

அவள் திரும்பிப் பார்த்தாள். அப்படியே நின்றாள்.

"நரின்காரன் நாளைக்கு வந்தா" என்று கிழவர் பேத்தியிடம் சொன்னபடி தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார், "நான் முற்றத்துக்கு வரமாட்டேன், குளிரு. பெட்டியெல்லாம் இந்தப் பேருல இருக்கு, அவகிட்டப் பேசிக்கோன்னு சொல்லிடு."

மீரிம் அந்த வருஷம்தான் எழுத்துக்கூட்டப் பழகிக்கொண்டிருந்தாள். மேசையின்மேல் ஏறி மண்டிபோட்டு, திரையில் விரலை வைத்து அழுத்தி, ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்து, வீடு முழுக்கக் கேட்கும்படி வாசித்தாள்.

"எல்... நூ... ரா. எல்நூரா."

"ம்?" என்றாள் எல்நூரா, யாரோ கூப்பிட்டதுபோல.